ஆறு சக்கர ஈரூடக வண்டிக்குள் மூன்று சிலிண்டர் கார் எஞ்சின்: செய்து பார்த்த அனுபவம்

நீரில் மிதக்கவும் சேற்றில் ஓடவும் கூடிய என் ஆறு சக்கர ஈரூடக வண்டியில் தொடக்கத்திலிருந்தே இருந்தது காற்றால் குளிரும் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். 20 குதிரைத்திறன் என்று அதன் மேலிருந்த தகடு சொன்னாலும், இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பின் அதில் பாதியாவது மிஞ்சியிருந்ததா என்பது ஐயமே. ஆயிலைக் குடித்தது, சூடேறியபின் நிறுத்தினால் மீண்டும் கிளம்ப மறுத்தது, இருவர் ஏறிச் சேற்றில் இறங்கினால் திணறியது. அதைப் பிரித்துப் பழுது பார்ப்பதைவிட, ஒரு சிறு காரின் எஞ்சினை அந்த இடத்தில் பொருத்திப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த வேலை பதினான்கு மாத வார இறுதிகளை விழுங்கியது. குதிரைத்திறனைப் பற்றி நான் போட்ட கணக்குகளில் பெரும்பாலானவை பயன்படவே இல்லை. பக்கவாட்டு இழுவை, வெப்பம், எடை ஆகிய மூன்றைப் பற்றி நான் போடாமல் விட்ட கணக்குகளே அத்தனை நேரத்தையும் எடுத்துக்கொண்டன.

நான் தேர்ந்தெடுத்தது ஜியோ மெட்ரோ, பழைய சுசூகி ஸ்விஃப்ட் போன்ற கார்களில் வந்த சுசூகி ஜி10 என்ற மூன்று சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 74 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 77 மி.மீ., கொள்ளளவு 993 சிசி. நிமிடத்துக்கு 5,700 சுற்றில் சுமார் 55 குதிரைத்திறனும், 3,300 சுற்றில் ஏறத்தாழ 79 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரக்கூடியது. பிளாக், ஹெட் இரண்டும் அலுமினியம் என்பதால் எடை குறைவு. சிறிய விமானங்களைத் தாமே கட்டிக்கொள்பவர்கள் இந்த எஞ்சினை நாடியதற்கும் அதுவே காரணம். வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அதே 993 சிசி கொள்ளளவில் சுசூகி நான்கு சிலிண்டர் எஞ்சினும் செய்திருக்கிறது. கொள்ளளவை மட்டும் கேட்டுவிட்டு வாங்கினால் நீளம் கூடிய அந்த எஞ்சின் கைக்கு வந்து சேரும்.

சுழலும் திசையையும் முதலிலேயே சரிபார்த்தேன். எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீல் பக்கம் நின்று பார்த்தால் இது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. பழைய எஞ்சினின் தண்டும், அது வெளியே நீட்டியிருந்த பக்கத்திலிருந்து பார்க்கும்போது அப்படியே சுழன்றது. ஆகவே ஃப்ளைவீல் முனையைப் பழைய தண்டு இருந்த பக்கமே வைத்துவிட்டால் போதும். ஹோண்டாவின் பழைய கார் எஞ்சின்கள் பல இதற்கு நேரெதிராகச் சுழல்பவை. அவற்றில் ஒன்றைப் பொருத்தியிருந்தால் முன்னோக்கிச் செல்லும் கியரில் வண்டி பின்னால் போயிருக்கும். எஞ்சினை உள்ளே இறக்கியபின் டைமிங் பெல்ட்டைக் கைக்கெட்டும் இடத்தில் பார்க்க முடியாது என்பதால், அதையும் ஆயில் சீல்களையும் மேசையின் மேலேயே மாற்றிவிட்டேன்.

முதல் பெரிய தவறு சக்தியை வெளியே எடுக்கும் இடத்தில் நேர்ந்தது. இந்த வண்டிகளில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே சிவிடி என்னும் பெல்ட் அமைப்பு இருக்கிறது. இரு புல்லிகளில் பெல்ட் சுற்றும் ஆரம் மாறுவதால் அது சுழற்சி விகிதத்தைத் தானாகவே மாற்றிக்கொள்கிறது. பழைய எஞ்சினின் தண்டில் அதன் முன்புல்லி நேரடியாக அமர்ந்திருந்தது. தொழிற்பயன்பாட்டுக்கான சிறு எஞ்சின்களின் தண்டு பெல்ட் இழுவையைத் தாங்கும் வகையிலேயே செய்யப்படுகிறது. பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான காரின் கிராங்க் ஷாஃப்ட் அப்படியன்று. அது கிளட்ச் வழியாக முறுக்குவிசையை நேர்கோட்டில் கொடுக்கப் பழகியது. அதன் ஃப்ளைவீல் முனையைப் பக்கவாட்டில் யாரும் இழுப்பதில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். வண்டி கிளம்பும்போது முன்புல்லியில் பெல்ட் ஏறத்தாழ 4 செ.மீ. ஆரத்தில் சுற்றுகிறது, 79 நியூட்டன் மீட்டரை அந்த ஆரத்தால் வகுத்தால் 1,975 நியூட்டன், அதாவது 200 கிலோ எடைக்குச் சமமான இழுவை வருகிறது. பெல்ட்டின் தளர்ந்த பக்க இழுவையையும் சேர்த்தால் இன்னும் கூடும். அந்தச் சுமை கடைசி மெயின் பேரிங்கைத் தாண்டி ஒரு சாண் தள்ளித் தொங்குகிறது.

இதை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, ஃப்ளைவீலோடு சேர்த்து முடுக்கிய ஒரு குட்டைத் தண்டை லேத்தில் கடைந்து, அதன் வெளிமுனைக்கு மட்டும் ஒரு பேரிங் கொடுத்தேன். தண்டின் முனையில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது 0.25 மி.மீ. ஆட்டம் தெரிந்தது. "அவ்வளவுதானே" என்று விட்டுவிட்டேன். வளைந்து கொடுக்காத ஒரே தண்டைக் கிராங்கின் பேரிங்குகளும் என் பேரிங்கும் ஆளுக்கொரு நேர்கோட்டில் பிடித்திருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. இருபது நிமிட ஓட்டத்தில் வெளிப் பேரிங் கை வைக்க முடியாதபடி சுட்டது. இரண்டாம் நாள் ஃப்ளைவீல் பக்க ஆயில் சீல் கசிந்தது.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி தொடங்கினேன். இம்முறை புல்லிக்கென்று தனித் தண்டு ஒன்றைச் செய்து, அதை இரண்டு பேரிங்குகளில் தானாகவே நிற்கும்படி அமைத்து, ஃப்ளைவீலுக்கும் அந்தத் தண்டுக்கும் நடுவில் ரப்பர் நட்சத்திரம் வைத்த கப்ளிங் ஒன்றைக் கொடுத்தேன். பெல்ட்டின் இழுவை முழுவதும் அந்த இரு பேரிங்குகளோடு நின்றுவிடுகிறது. கிராங்குக்குப் போவது முறுக்கு மட்டுமே. இரு தண்டுகளின் மையங்களையும் 0.1 மி.மீ.க்குள் கொண்டுவர, மெல்லிய தகடுகளை அடியில் கொடுத்தும் எடுத்தும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. ஸ்டார்ட்டர் மோட்டார் இந்த எஞ்சினில் கியர்பெட்டியின் உறையில்தான் பொருந்துகிறது. கியர்பெட்டி இல்லாததால், 10 மி.மீ. தகடு ஒன்றை வெட்டி, பிளாக்கின் பின்முகத்திலுள்ள, இடத்தைத் துல்லியமாக நிறுத்தும் இரு டவல் பின்களை ஆதாரமாகக் கொண்டு துளையிட்டு, ஸ்டார்ட்டரையும் பேரிங் தாங்கியையும் அதன் மேலேயே ஏற்றினேன்.

எஞ்சினைக் காரில் இருப்பதுபோல் ரப்பர் மவுண்ட்டுகளில் தொங்கவிடலாமா என்ற கேள்வியும் எழுந்தது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்களின் மேல்கீழ் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டாலும், இரு முனைகளும் மாறிமாறித் தூக்கும் ஊஞ்சலாட்டம் எஞ்சி நிற்கிறது. ரப்பர் இல்லாவிட்டால் ஐடிலில் வண்டி முழுவதும் உதறும். ஆனால் எஞ்சின் ஆடினால் இரு புல்லிகளுக்கும் இடையிலான தூரம் மாறி பெல்ட் கெடும். எஞ்சின், புல்லித் தண்டு, கியர்பெட்டி ஆகிய மூன்றையும் ஒரே இரும்புச் சட்டத்தில் இறுக்கி, அந்தச் சட்டத்தை வண்டியோடு ரப்பர் மூலம் இணைத்தது இரண்டையும் தீர்த்தது. கியர்பெட்டியிலிருந்து அச்சுகளுக்குப் போகும் செயின்கள் சில மில்லிமீட்டர் அசைவைப் பொறுத்துக்கொள்கின்றன.

பழைய சிவிடி புதிய முறுக்குவிசையைத் தாங்காது என்பது முதல் மேட்டிலேயே தெரிந்தது. பெல்ட் வழுக்கிக் கருகிய வாடை வந்தது. அதற்குப் பதிலாக, பனியின் மேல் ஓடும் பனிவண்டியில் (ஸ்னோமொபைல்) பயன்படும் வலுவான முன்புல்லி ஒன்றை வாங்கினேன். அதுவோ 4,000 சுற்றில்தான் பெல்ட்டைப் பிடிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது, ஏனெனில் பனிவண்டி எஞ்சின்கள் 8,000 சுற்று வரை போகின்றன. கார் எஞ்சினுக்கு 1,800 சுற்றில் பிடித்தால்தான் சேற்றில் மெல்ல ஊர முடியும். உள்ளே சுழன்று, ஸ்பிரிங்கை எதிர்த்துப் புல்லியை இறுக்கும் எடைத்துண்டுகளின் மையவிலக்கு விசை சுற்றின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 4,000 சுற்றில் கிடைத்த விசையில் ஐந்தில் ஒரு பங்குதான் 1,800 சுற்றில் கிடைக்கும். முதலில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, அதன் தொடக்க அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். 2,300 சுற்றில் பிடித்தது, ஆனால் ஓர் உதறலோடு. பிறகு 46 கிராம் எடைத்துண்டுகளை எடுத்துவிட்டு 78 கிராம் துண்டுகளைப் போட்டதும் 1,800க்கு அருகில் மென்மையாகப் பிடிக்கத் தொடங்கியது. முழுச் சுமையில் எஞ்சின் இப்போது 4,600 சுற்றில் நிற்கிறது. உச்ச குதிரைத்திறன் அதற்கும் மேலே இருக்கிறது என்பது தெரிந்ததே. அதை எட்டிப் பிடிக்கும் ஆசை எனக்கில்லை.

மின்கம்பிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காரின் கம்பித்தொகுப்பிலிருந்து எஞ்சினுக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கி, கணினிப் பெட்டியை இருக்கையின் முதுகுப் பக்கம், நீர் எட்டாத உயரத்தில் வைத்தேன். பெட்ரோலைப் பொறுத்தவரை ஒன்றை வலியுறுத்த வேண்டும். ஈரூடக வண்டியின் உடல் ஒரு மூடிய தொட்டி. அடியில் துளை கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், ஒரு குழாய் இணைப்பு சற்றே கசிந்தாலும் ஆவி முழுவதும் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். அதனால் அடித்தளக் காற்றை இழுத்து வெளியேற்றும் ஊதுவிசிறி ஒன்றைப் பொருத்தி, அதைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகே ஸ்டார்ட் செய்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

வெப்பம் என்னை இருமுறை தோற்கடித்தது. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்டுக்கும், அதே அளவு குளிர்நீருக்கும், மீதி புகையோடும் போகிறது என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் சேற்றில் 15 கிலோவாட் உழைப்பு வாங்கும்போது ரேடியேட்டரும் ஏறக்குறைய 15 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். காருக்கு முன்னே காற்று தானாக வருகிறது. நடை வேகத்தில் ஊரும் இந்த வண்டிக்கு விசிறியைத் தவிர வேறு துணையில்லை. ரேடியேட்டரைப் பின்தளத்தின் கீழே படுக்க வைத்திருந்தேன். 12 நிமிடத்தில் வெப்பமானி 108 டிகிரி காட்டியது. விசிறி தள்ளிய சூடான காற்று எஞ்சின் அறையையே சுற்றி வந்து மீண்டும் ரேடியேட்டருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பெரிய ரேடியேட்டர் வாங்கினால் சரியாகும் என்று நினைத்து அதற்கும் செலவழித்தேன். பயன் இரண்டு டிகிரிகூட இல்லை. கடைசியில் சரிசெய்தது வெறும் தகரமும் நுரைப்பட்டையும்தான். ரேடியேட்டரைப் பின்தளத்துக்கு மேலே உயர்த்தி, உள்ளே வரும் காற்றுக்கும் வெளியே போகும் காற்றுக்கும் நடுவில் இடைவெளியில்லாமல் தகரத் தடுப்பு கட்டியதும், கடினமான சேற்றிலும் 94 டிகிரியைத் தாண்டவில்லை. ரேடியேட்டர் மூடியே மொத்த அமைப்பின் உயரமான புள்ளியாகிவிட்டதால் காற்றுக் குமிழ்கள் தேங்கும் தொல்லையும் அதோடு ஒழிந்தது.

இரண்டாவது தோல்வி புகைக்குழாயால் வந்தது. வண்டியின் உடல் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக். அது 130 டிகிரி வாக்கில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். குழாய்க்கு நாலு விரல் இடைவெளி போதும் என்று நம்பியிருந்த இடத்தில், ஒரு மாலை வண்டியை நிறுத்திய பிறகு, உள்ளங்கை அகலத்துக்கு உடல் வெளியே உப்பியிருந்தது. ஓடும்போது விசிறி இழுத்த காற்று அதுவரை அதைக் காத்திருக்கிறது. நிறுத்தியதும் சூடு அங்கேயே தங்கிவிட்டது. குழாய்க்கு வெப்பநாடா சுற்றி, உடலிலிருந்து 20 மி.மீ. தள்ளி ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தகட்டையும் நிறுத்தினேன். அந்த உப்பல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி எடை. இறக்கிய எஞ்சின் 44 கிலோ. ஏற்றியவற்றில் துணைக்கருவிகளோடு எஞ்சின் 80, தகடும் தண்டும் பேரிங்குகளும் 16, நீர் நிரப்பிய ரேடியேட்டர் 11, ஆக 107 கிலோ. கூடுதல் 63 கிலோ என்றால் 63 லிட்டர் நீரைக் கூடுதலாக விலக்க வேண்டும். நீர்மட்டத்தில் என் வண்டியின் பரப்பு சுமார் 2.5 சதுர மீட்டர். சமமாக அமிழ்ந்தால் 2.5 செ.மீ. மட்டுமே. காகிதத்தில் அது அற்பமாகத் தெரிந்தது. ஆனால் எடை முழுவதும் பின்னால் ஏறியிருந்ததால், இடுப்பளவு நீருள்ள குளத்தில் கயிறு கட்டி இறக்கியபோது முன்பக்கம் தூக்கி, பின்விளிம்பு பழைய நீர்க்கோட்டைவிட ஏழு செ.மீ. தாழ்ந்தது. பாட்டரியையும் 25 லிட்டர் பெட்ரோல் டாங்கையும் முன்பக்கம் மாற்றிய பிறகு அது நான்கு செ.மீ. ஆயிற்று. அதற்கும் கீழே கொண்டுவர முடியாததால், பின்னிருக்கையில் ஆள் ஏறினால் நீரில் இறங்குவதில்லை என்று எனக்கு நானே தடை போட்டுக்கொண்டேன். அடித்தளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் பம்பை ஒன்றுக்கு இரண்டாக்கி, இரண்டாவதற்குத் தானாக இயங்கும் மிதவைச் சுவிட்சும் வைத்தேன்.

நீரில் வேகம் கூடியதா என்று பார்க்க வந்த நண்பர் கேட்டார். கரையோரம் 50 மீட்டர் அளந்து நேரம் பார்த்தோம்: முன்பு மணிக்கு 4 கி.மீ., இப்போது 4.3 கி.மீ. இந்த வண்டியை நீரில் தள்ளுவது டயரின் பட்டைகள் மட்டுமே. அவற்றை வேகமாகச் சுழற்றினால் நீர் பின்னால் போவதற்குப் பதிலாக மேலே தெறிக்கிறது. அப்படித் தெறித்த நீர் ஒருமுறை பெல்ட் உறைக்குள் புகுந்து பெல்ட்டை வழுக்கவும் வைத்தது. உறையின் காற்றுக்குழாயை இருக்கை உயரத்துக்கு நீட்டிய பிறகு அந்தச் சிக்கல் இல்லை. சேற்றில்தான் மாற்றம் தெரிகிறது: இருவரோடு முன்பு திணறிய இடத்தில் இப்போது 2,500 சுற்றில், ஆக்ஸிலேட்டரைப் பாதிகூட மிதிக்காமல், சத்தமின்றி ஏறிவிடுகிறது.

அந்த மிதியின் அடியில் ஒரு தடைக்கட்டை வைத்திருக்கிறேன். பழைய எஞ்சினின் அளவுக்கு அமைந்த செயின்கள் முழு முறுக்குவிசையைத் தாங்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஒரு பக்கச் சக்கரங்களை நிறுத்தி மறுபக்கத்தைச் சுழற்றித் திரும்பும் இந்த வண்டியில், கெட்டியான தரையில் திரும்பும் நேரமே செயினுக்கு மிகக் கடினமான நேரம். எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் கணக்கிடும் மணிக்காட்டி இப்போது 31 காட்டுகிறது. கடைசியாக அளந்தபோது பின் அச்சுக்குப் போகும் செயின் மற்றவற்றைவிடச் சற்று அதிகமாக நீண்டிருந்தது. செங்குத்தான சரிவில் இறங்கும்போது ஆயில் விளக்கு இருமுறை கண் சிமிட்டியதால், அடுத்த வார இறுதியில் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி உள்ளே தடுப்புத் தகடுகள் வைக்கப் போகிறேன். அதுவரை அந்தச் சரிவின் பக்கம் போவதில்லை.