தேரிச் சிவப்பு தாளில் நின்றுவிட்டது

காய்ந்த வண்ணத்தின் மேல் உலர்ந்த வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்தேன். துணியில் ஒரு பொட்டுச் சிவப்புகூட ஒட்டவில்லை. நீர்வண்ணத்தைத் தாங்களே அரைத்துக்கொள்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். தேரிக்காட்டு மண் ஒருவழியாக என் தாளில் நின்றுவிட்டது. கடையில் வாங்கிய செம்பழுப்பு வண்ணமான பர்ன்ட் சியன்னா குழாயை இனி நான் திறக்கப்போவதில்லை.

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் போனவர்கள் இந்தச் சிவப்பைப் பார்த்திருப்பார்கள். கடலுக்கு இவ்வளவு அருகில் தேரி என்கிற இப்படி ஒரு செம்மணல் மேடு கிடக்கிறது என்பதை முதல்முறை பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். மணல் எல்லாம் குவார்ட்ஸ் என்கிற படிகக்கல்லின் துகள்தான். அதன் மேல் இரும்பு ஆக்சைடு மேற்பூச்சாகப் படிந்திருப்பதால்தான் அந்த நிறம். எங்கள் குலதெய்வம் இந்தப் பக்கத்துச் சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்குச் சிறுவயதிலிருந்தே வந்து போகிறேன். அந்த மேட்டுக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலும் சுனையும் இருக்கின்றன. சுற்றிலும் கொதிக்கிற மணல், நடுவில் தண்ணீர். மழைநீரை அந்த மணல் முழுவதுமாகக் குடித்துவிட்டுத் தாழ்ந்த இடத்தில் சுனையாகத் திருப்பிக் கொடுக்கிறது. எப்படி என்ற காரணம் தெரிந்த பிறகும், அங்கே போய் நின்றால் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. நான் வரைய நினைப்பது அதைத்தான். கோவிலையோ, குதிரையையோ, மீசை வைத்த உருவத்தையோ அல்ல.

மண் எங்கள் சித்தப்பாவின் விளையிலிருந்து, அதாவது பனை நிற்கும் நிலத்திலிருந்து வந்தது. நான் பையோடு குனிந்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, காலில் ஒட்டினால் தட்டிவிடுகிற மண்ணை மூட்டை கட்டிக்கொண்டு போகிறாயே?" என்றார். வண்ணம் செய்ய என்றேன். "அப்படியானால் மேல்மண்ணை அள்ளாதே, முள்ளும் சருகுமாக இருக்கும். பனைமூட்டில் ஒரு முழம் தோண்டி எடு" என்று சொல்லி மண்வெட்டியையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். அவர் சொன்னது சரி. ஒரு முழத்துக்குக் கீழே இருந்த மண் ஈரப்பசையோடு இன்னும் கருஞ்சிவப்பாக இருந்தது.

இனி வாளிக்கு வருகிறேன். முன்வரைவு இல்லாமல், மனம் போன வழியில் வரைகிறவள் என்று என்னைச் சொல்லிக்கொள்கிறேன். என்னைப் பொறுத்தவரை அந்த வேலை தொடங்குவது தாளில் அல்ல, மண் கரைக்கும் வாளியில். அதனால் இந்தக் கட்டத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது.

தேரி மண்ணில் வண்ணத்துக்குப் பயன்படுகிற நுண்பொடி மிகக் குறைவு. நான்கு கிலோ மண்ணைக் கரைத்தால் ஒரு கைப்பிடி தேறலாம். கரைத்துக் கலக்கிவிட்டுப் பத்து எண்ணும் முன்பே மணல் அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் சிவப்பு நீரை வேறு வாளிக்கு மாற்றி, இருபது நிமிடம் விட்டு மறுபடி மாற்ற வேண்டும். இந்த இருபது நிமிடத்தில் படிவது ஒரு தரம். அதற்கு மேலும் மிதப்பது வேறு தரம். முதலாவது சற்றுக் கனமானது. தாளின் குழிகளில் போய் உட்கார்ந்து மணல் மணலாகத் தெரியும். இரண்டாவது வழுவழுவென்று பரவும், ரத்தத்தில் மஞ்சள் கலந்த நிறம். இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன். மேட்டுக்கு முதலாவது, அந்தி வானத்துக்கு இரண்டாவது.

இதைத்தான் வீட்டுப் போர்வெல் நீர் கெடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் நீர் கடுமையான உப்புநீர். குழாய் வாயில் வெள்ளை பூத்துக் கிடக்கும். அந்த நீரில் கரைத்தால், மிதக்க வேண்டிய நுண்களிமண் ஒன்றோடு ஒன்று ஒட்டித் திரளாகி மணலோடு சேர்ந்து விழுந்துவிடும். தரம் பிரிக்க இடமே இருக்காது. நீரிலுள்ள கால்சியம்தான் காரணம். களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்பதால்தான் மிதக்கின்றன. கால்சியம் சேர்ந்தால் அந்தத் தள்ளல் அடங்கிவிடுகிறது. மொட்டைமாடியில் பிடித்துவைத்த மழைநீரில் அதே மண்ணைக் கரைத்தபோது வேடிக்கை தலைகீழானது. மறுநாள் காலையில் பார்த்தாலும் வாளி முழுக்கச் சிவப்பு. நுண்பொடி இறங்கவே மறுத்தது.

இறங்க மறுத்ததை இறக்குவதற்கு நம்மிடம் பழைய வழி இருக்கிறதே! தேத்தாங்கொட்டை. கலங்கிய குளத்து நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் உரசுவார்கள். நான் ஒரு கொட்டையைக் கரடான சட்டியில் சில துளி நீர் விட்டு உரசி, அந்தப் பால் போன்ற விழுதை வாளியில் கலந்து மெதுவாகச் சுற்றிவிட்டேன். கண்ணெதிரே சிவப்பு நீர் முதலில் புள்ளி புள்ளியாகத் திரிந்தது. பிறகு அந்தப் புள்ளிகள் சேர்ந்து இறங்கத் தொடங்கின. மேலிருந்து ஒரு விரல்கடை, இரண்டு விரல்கடை என்று தெளிவு கீழே வந்துகொண்டிருந்தது. வாளி அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் நான் செய்கிற தியானத்தில்கூட இப்படி அசையாமல் இருந்ததாக நினைவில்லை. வரையும் நாளில் எனக்கு வேண்டிய மனநிலை இங்கேயே வந்துவிடுகிறது. தெளிந்த நீரை வடித்துவிட்டு, சேற்றைச் சுடுமண் தட்டில் ஊற்றிவைத்தால் மிச்ச ஈரத்தைத் தட்டே உறிஞ்சிக்கொள்கிறது.

அடுத்து, பொடியைத் தாளில் ஒட்டவைக்கும் பிசின். இந்த விஷயத்தில் எச்சரிக்கை தேவை. நாட்டுமருந்துக் கடையில் வேலம்பிசின் என்று கேட்டால், எது கையில் அகப்படுகிறதோ அதைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். எனக்கு ஒரு கடையில் கொடுத்ததில் பாதிக்கு மேல் பாதாம்பிசின். அது கரையாது, நுங்கு போல உப்பிக்கொண்டு நிற்கும். ஜிகர்தண்டாவுக்கு ஆகும், வண்ணத்துக்கு ஆகாது. வாங்கும் முன் ஒரு சில்லை வாங்கிவந்து இரவு முழுக்க நீரில் போட்டுப் பாருங்கள்: முழுதாகக் கரைந்து தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் அது வேலம்பிசின். ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு வெந்நீர், மல்துணியில் வடிகட்டல், கொஞ்சம் தேன், பூஞ்சை வராமலிருக்கக் கிராம்புத் தைலம். இது எல்லோரும் அறிந்த கணக்குதான். ஆனால் தேரியின் நுண்பொடி களிமண்ணாக இருப்பதால் வழக்கத்தைவிட அதிகப் பிசினைக் குடிக்கிறது. பொடியையும் பிசின் கரைசலையும் சம அளவில் கலந்தபோதெல்லாம் காய்ந்ததும் விரலில் பொடியாக வந்தது. ஒரு பங்கு பொடிக்கு ஒன்றரைப் பங்கு கரைசல் என்று போன பிறகுதான் மேலே சொன்ன வெள்ளைத் துணி வெள்ளையாக நின்றது. அதற்கு மேல் போனால் பளபளத்து, கிண்ணத்தில் வெடித்துவிடும். தேனைக் கடற்கரைக் காற்றுக்குக் குறைத்தே சேருங்கள். இல்லையென்றால் வண்ணம் காயவே காயாது, எறும்பும் வரும்.

அரைக்கும் குழவிக்கு அடி தட்டையான கண்ணாடிப் பேப்பர்வெயிட்டையே வைத்துக்கொண்டேன். கிரானைட் மெருகிடும் கடைகளில் கிடைக்கும் கார்போரண்டம் என்கிற உராய்வுத் தூளைத் தடித்த கண்ணாடிப் பலகை மேல் தூவி, நீர் விட்டுத் தேய்த்தால் இரண்டின் பரப்பும் சொரசொரப்பாகிவிடும். வெளிநாட்டுக் குழவிக்குக் கேட்கிற விலையைக் கொடுக்க வேண்டியதே இல்லை. அம்மியில் மட்டும் அரைக்காதீர்கள், கல்தூள் கலக்கும்.

ஓவியம் எங்கே வந்திருக்கிறது என்று சொல்லவில்லையே. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த பருத்தித் தாள், அரைத்தாள் அளவு. பென்சில் தொடவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு, தாள் முழுவதையும் நனைத்தேன். பிறகு எல்லாம் அந்த மினுமினுப்பைப் பார்த்துத்தான். தாளின் மேல் நீர் கண்ணாடியாக மின்னும்போது வண்ணம் விட்டால் எங்கோ ஓடிவிடும். மின்னல் அடங்கி, பட்டுத்துணியின் மங்கல் பளபளப்புக்கு வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் விட்டால், வண்ணம் தானே ஒரு கரையைத் தேடிக்கொண்டு நிற்கும். அதையும் தாண்டியபின் ஈரத் தூரிகை பட்டால் பூக்கோசு வடிவில் கறை பூத்துவிடும். ஆடிக்காற்று அடிக்கிறபோது அந்த நடுநேரம் கண் சிமிட்டுவதற்குள் போய்விடுவதால், சன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியையும் நிறுத்திவிடுகிறேன். தேரியைக் குவித்து வைத்ததே அந்தக் காற்றுதான் என்பதால் அதன் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

தாளைச் சாய்த்தபோது கனத்த சிவப்பு இடப்பக்கம் இறங்கி ஒரு மேடாகத் திரண்டது. நான் வலப்பக்கம் நினைத்திருந்தேன். இடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்படி விடுவது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது அல்ல என்பதைச் சிலருக்குப் புரியவைக்க முடியவில்லை. ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1907இல் பத்துப் பேரோவியங்களை வரைந்தார். ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். 'கோவிலுக்கான ஓவியங்கள்' என்ற தலைப்பில் அவர் செய்த அந்த வரிசை ஓவியங்கள் முன்வரைவு இல்லாமல் தன் வழியாக வந்தவை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அதற்கு முன்னால் அவர் ஸ்டாக்ஹோம் கலைக் கழகத்தில் முறையாகப் பயின்று, தாவரங்களை இலை நரம்பு வரை நுணுக்கமாக வரைந்து பழகியவர். அந்தக் கை இருந்ததால்தான் வந்ததை அவரால் ஏந்திக்கொள்ள முடிந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

சுனைக்கு வண்ணமே கிடையாது. தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறேன். மறைப்புத் திரவம் எதுவும் பூசவில்லை. அந்த இடத்தை மட்டும் நனைக்காமல் விட்டால், வண்ணம் அதன் விளிம்புவரை வந்து தானாக நின்றுவிடுகிறது. சுனையின் விளிம்பில் சிவப்பு சற்றே கருத்து ஒரு கோடாகப் படிந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தூரிகையால் அந்தக் கோட்டை யாராலும் போட முடியாது.

பனைகள் இன்னும் வரவில்லை. அவற்றுக்குக் கருப்பு வேண்டும், கடைக் கருப்பு இந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் செத்துக் கிடக்கிறது. சிரட்டையை மூடிய தகரடப்பாவில் அடைத்துச் சுட்டுக் கரியெடுத்து வைத்திருக்கிறேன். அரைக்க வேண்டியதுதான் பாக்கி. பனங்கொட்டையிலும் எடுத்துப்பார்க்கலாம் என்று சித்தப்பா சொல்கிறார், அதில் நிறம் எப்படி வருகிறது என்று பார்க்க ஆவலாக இருக்கிறது. அதோடு மஞ்சள் காவிக்கல் கொஞ்சம் வந்திருக்கிறது. அதை இரும்புச் சட்டியில் வறுத்தால் நீர் நீங்கிச் சிவப்பாக மாறும். அந்தச் சிவப்பையும் தேரிச் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பார்க்கும்வரை பனையில் கைவைக்கப்போவதில்லை. நல்ல முற்றிய தேத்தாங்கொட்டை கிடைக்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். என்னிடம் இருந்தது உரசி உரசித் தேய்ந்துவிட்டது.