36 பல் கேசட்

3 செப்டம்பர் 2025, புதன்

இன்றும் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வரவில்லை.

இரவு பத்தரை மணிக்கு மேல் டிவியில் ஜி.எஸ்.டி. அறிவிப்பு. சைக்கிளுக்கு 12 சதவீதம் 5 ஆகிறதாம். 22ஆம் தேதியிலிருந்து. புது ரோடு பைக்குக்கு நாளை முன்பணம் அனுப்புவதாக இருந்தேன். கையை மடக்கிக்கொண்டேன்.

4 செப்டம்பர்

வரிக்கு முன் 2,50,000 என்று வைத்துக்கொண்டால், பழைய கணக்கில் 2,80,000. புதிய கணக்கில் 2,62,500. வித்தியாசம் 17,500 ரூபாய். இதற்காக பதினெட்டு நாள் காத்திருக்க மாட்டேனா?

கடைக்காரர் போனில், "பழைய ஸ்டாக்குக்கு எப்படி வரும்னு பார்க்கணும் மேடம்" என்று இழுத்தார். பில் போடும் தேதியில் என்ன வரியோ அதுதான் என்றேன். யாரிடம் இந்தக் கதை!

7 செப்டம்பர், ஞாயிறு

இரவு சந்திர கிரகணம். அம்மா சீக்கிரமே எல்லோரையும் சாப்பிட வைத்துவிட்டார். அடுப்படியைக் கழுவி மூடியாயிற்று. பசிக்கிறது. தூங்கவும் முடியாது. அளவைப் பற்றி எழுதலாம்.

என் உயரம் 156 செ.மீ. அந்த உயரத்துக்குக் கார்பன் ஃபிரேம் செய்பவர்கள் எல்லோரும் பாதி மனசோடுதான் செய்கிறார்கள். பெரிய அளவில் வரைந்து முடித்த படத்தைச் சுருக்கிக்கொண்டே வருவார்கள். ஆனால் சக்கரம் சுருங்காது. எல்லா அளவுக்கும் அதே 700சி சக்கரம்தான். அதனால் முன்சக்கரம் காலுக்குக் கிட்டே வந்துவிடும். மெதுவாகத் திருப்பும்போது ஷூ முனை டயரில் இடிக்கும். இதைச் சரிக்கட்ட ஹேண்டில் நிற்கும் முன்குழாயை, அதாவது ஹெட் டியூபைச் சாய்ப்பார்கள். அப்போது வண்டி திரும்புவதற்குச் சோம்பல்படும். இன்னொரு பக்கம் சீட் டியூபைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். அட்டவணையில் டாப் டியூப், அதாவது மேல்குழாய், சின்னதாகத் தெரியும். ரீச்சை (பெடல் அச்சிலிருந்து ஹெட் டியூப் மேல்முனை வரை உள்ள கிடைத் தூரம்) பார்த்தால் குறைந்தே இருக்காது! 52 அளவு ஃபிரேமுக்கும் 49க்கும் ரீச்சில் ஐந்து மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லாத அட்டவணைகளைப் பார்த்துவிட்டேன்.

இனி டாப் டியூப் வரிசையைப் பார்க்கப் போவதில்லை. ஸ்டாக் (அதே இரண்டுக்கும் உள்ள உயரம்), ரீச், முன்சக்கர அச்சுக்கும் பெடல் அச்சுக்கும் உள்ள தூரம், இந்த மூன்று மட்டும் போதும். மற்றதெல்லாம் விளம்பரம்.

கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, 165 மி.மீ. அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம். 176 செ.மீ. உயரமுள்ள பந்தய வீரர் போகாச்சாரே 165க்கு வந்துவிட்டார். 156க்கு 170 எதற்கு? கிராங்க் ஐந்து மில்லிமீட்டர் குறைந்தால் ஷூ இடிப்பதும் அந்த அளவுக்குக் குறையும்.

கிரகணம் முடிய இன்னும் நேரம் இருக்கிறது. மொட்டை மாடியில் பாப்பாவின் சத்தம்.

9 செப்டம்பர்

லிஸ்ட் இல்லை. கேட்பதையும் நிறுத்திவிட்டேன்.

12 செப்டம்பர், வெள்ளி

மறுபடியும் கேட்டேன். "அடுத்த வாரம்."

சரி, கியர். சேலத்திலேயே இருந்தால் ஏற்காடு இருக்கிறது, 20 கொண்டை ஊசி. அப்புறம் கொல்லிமலை, அது 70. முன்னால் 50/34 பல், பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்தான கேசட்டில் 11–36 பல். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 34க்கு 34 போட்டால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று. 28 மி.மீ. டயரில் அது 2.13 மீட்டர். நிமிடத்துக்கு 70 மிதி மிதித்தால் மணிக்கு 9 கி.மீ. வரும். 36 பல் போட்டால் அதே மிதிக்கு எட்டரை. அரை கிலோமீட்டர்தானே என்று கடைப் பையன் சிரித்தான். காரவள்ளியிலிருந்து ஏறி ஐம்பதாவது வளைவில் முட்டி கெஞ்சும்போது அவனும் சிரிக்கட்டும், பார்க்கலாம்.

சமவெளிக்கு மாற்றல் போட்டால் கதையே வேறு. 36 வரை பரந்த கேசட்டில் பல்லுக்குப் பல் இடைவெளி அதிகம். எதிர்காற்றில் ஒரே வேகத்தில் போகும்போது ஒரு கியர் கனமாக இருக்கும், அடுத்தது லேசாக இருக்கும். நடுவில் வேண்டியது இருக்காது. அங்கே 11–30தான் நல்லது.

எங்கே இருக்கப்போகிறேன் என்று தெரியாமல் கேசட் எப்படி வாங்குவது?

ஸ்ராம் கம்பெனி கியரில் 46/33, 10–36 என்று வருகிறது. கியருக்குக் கம்பியே இல்லை. மலைக்கு அது இன்னும் லேசு. ஆனால் பிரேக்குக்கு டாட் திரவம். பெயிண்டில் பட்டால் பெயிண்ட் போச்சு. ஷிமானோவில் மினரல் ஆயில். என் கை நடுங்குகிற கை. மினரல் ஆயிலே போதும்.

14 செப்டம்பர், ஞாயிறு

பழைய வண்டியில் ஏற்காடு. கோரிமேட்டில் டீ, அடிவாரத்திலிருந்து ஒரே மூச்சு என்று திட்டம். மூச்சு எட்டாவது வளைவிலேயே தீர்ந்தது. பின்னால் 28 பல்தான் பெரிசு. நின்று மிதிக்க வேண்டியதாயிற்று. குரங்குகள் பார்த்துக்கொண்டிருந்தன.

மேலே உட்கார்ந்து ஒரு கணக்கு போட்டேன். பழைய வண்டி 10.6 கிலோ. வரப்போவது 8.2. என்னையும் சேர்த்தால் 64.6லிருந்து 62.2. நாலு சதவீதத்துக்கும் கம்மி. ஒரு மணி நாற்பது நிமிட ஏற்றத்தில் மிச்சமாவது மூன்றரை நிமிடம்.

இரண்டரை லட்சத்துக்கு மேல் கொடுத்து மூன்றரை நிமிடம். இதை இவரிடம் சொல்லப்போவதில்லை.

15 செப்டம்பர்

சொல்லிவிட்டேன். "அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பிக்கயேன்" என்றார்.

17 செப்டம்பர், புதன்

செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக் அண்ணனிடம் பட்டியலைக் காட்டினேன். குரூப்செட் (கியர், பிரேக் தொகுப்பு), சக்கரம் எதையும் அவர் பார்க்கவில்லை. நேராக பி.பி.யில், அதாவது கிராங்க் சுழலும் பேரிங்கில், விரல் வைத்தார். "மரை போட்டதா, அடிச்சு ஏத்தறதா?"

எனக்கு அந்த நிமிடம் கண் திறந்தது. ஃபிரேம் ஓட்டைக்குள் பேரிங்கை அழுத்தி ஏற்றும் வகையில், அந்த ஓட்டை ஒரு மயிரிழை கோணினாலும் ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் 'கிரீக் கிரீக்'. அவிழ்த்து மறுபடி ஏற்றுவதற்குத் தனிக் கருவி வேண்டும். மரை வகைக்கு ஒரு ஸ்பானர் போதும். வலது பக்கம் இடது மரை என்பது மட்டும் நினைவிருந்தால் சரி. பெரிய கம்பெனிகளிலேயே ஸ்பெஷலைஸ்டு டார்மாக்கில் பழைய பி.எஸ்.ஏ. மரைக்குத் திரும்பிவிட்டார்கள். ட்ரெக் டி47 மரைக்குப் போய்விட்டது. ஜயன்ட் டி.சி.ஆர். இன்னும் அழுத்தி ஏற்றுவதில்தான் நிற்கிறது.

"மரையா இருந்தா நான் பாத்துக்கறேன் மேடம். இல்லாட்டி ஒவ்வொரு வாட்டியும் பெங்களூர்தான்."

பட்டியலில் இருந்த ஆறில் மூன்றை அங்கேயே அடித்தேன். மனசு லேசானது. வரும் வழியில் தட்டுவடை செட் இரண்டு பிளேட்.

18 செப்டம்பர்

போகிற ஊரில் அண்ணன் இருக்க மாட்டாரே.

21 செப்டம்பர், ஞாயிறு, மகாளய அமாவாசை

அம்மாவுக்கு அமாவாசை வேலை. எனக்கு ஹேண்டில்பார்.

இப்போது வரும் வண்டிகளில் வெளியே ஒரு கம்பி தெரிவதில்லை. பிரேக் குழாய் ஹேண்டில்பாருக்குள் போய், அதைப் பிடிக்கும் ஸ்டெமுக்குள் இறங்கி, ஹேண்டில் திரும்பும் மூட்டான ஹெட்செட்டின் மேல் பேரிங் வளையத்துக்கு நடுவே ஃபிரேமுக்குள் நுழைகிறது. பார்க்க அழகு. எனக்கும் பிடிக்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் சொட்டுச் சொட்டாக வியர்வை விழும் இடம் சரியாக அந்த மேல் பேரிங்தான். நம் ஊரில் ஒரு வருஷத்தில் துரு பிடிக்கும். ஒரு சின்ன பேரிங்கை மாற்ற இரண்டு பிரேக் குழாயையும் கழற்ற வேண்டும். கழற்றினால் ஆயில் மாற்றி, காற்று எடுத்து, ஒரு நாள் வேலை. ஸ்டெம் நீளம் 90லிருந்து 80க்கு மாற்றினாலும் அதே வேலை. ஹேண்டில்பாரும் ஸ்டெமும் ஒரே கார்பன் துண்டாக இருந்தால் மொத்தமாகப் புதுசு வாங்க வேண்டும். 38 செ.மீ. அகலத்தில் அது கிடைப்பதே அரிது. நம் தோளுக்கு யார் செய்கிறார்கள்?

இதில் கம்பியால் இழுக்கும் கியர் என்றால் இன்னும் வம்பு. அத்தனை வளைவில் கம்பி உராய்ந்து ஷிஃப்டர் கனத்துப் போகும். எல்லாவற்றையும் உள்ளே ஒளித்தால் மின்சாரத்தில் மாறும் டி.ஐ.2 கியர்தான் கதி. ஷிமானோ 105 டி.ஐ.2 சின்னக் கைக்கு நல்லது, விரல் நுனி பட்டால் போதும். ஆனால் விலை! ஹெட்செட்டுக்குள் நுழையாமல் வெளியே குழாய் போகும் ஃபிரேம், தனி ஸ்டெம், தனி அலுமினிய ஹேண்டில்பார், கம்பி இழுக்கும் 105. பன்னிரண்டு கியர். முடிவு.

இதை இன்னும் எத்தனை தடவை முடிவு செய்வேனோ.

22 செப்டம்பர், திங்கள்

பில் போட்டாயிற்று. 5 சதவீதம். நிறம் கரும்பச்சை. பாப்பா தேர்ந்தெடுத்தது.

ஃபிரேம், 105, சக்கரம் எல்லாம் சேர்த்து அவர்களே பூட்டி அனுப்புவார்கள். கேசட் மட்டும் இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன்.

பெடல் தனியாக வாங்க வேண்டும் என்றதும் அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "பெடல் இல்லாம சைக்கிள் விக்கறாங்களா? அதையும் நீ வாங்கறியா?" பாப்பா, "ஸ்டாண்டும் கிடையாது பாட்டி, பெல்லும் கிடையாது" என்று எடுத்துக்கொடுத்தாள்.

25 செப்டம்பர்

கடையிலிருந்து போன். 165 கிராங்க் இல்லையாம். 170 போட்டுத் தரலாமாம். "அஞ்சு எம்.எம். என்ன மேடம், தெரியவே தெரியாது."

தெரியும். 105இல் 160கூடச் செய்கிறார்கள். பட்டியலில் 165 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கத்திவிட்டேன். கேபினுக்கு வெளியே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சக்கரத்திலும் ஏதோ சூழ்ச்சி. டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கியில்லாத ரிம்மைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். அதில் 73 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடிக்கக்கூடாது. என் எடைக்கு 60 போதும், அது பிரச்சினை இல்லை. அதற்கென்று அனுமதித்த டயரைத்தான் போட வேண்டும் என்பதுதான் பிரச்சினை. ஒரு டயர் கிழிந்தால் நடு வழியில் எங்கே தேடுவேன்? 2024 பிப்ரவரியில் யூ.ஏ.ஈ. சைக்கிள் போட்டியில் பெல்ஜிய வீரர் டி கென்ட்டின் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வந்ததைப் பார்த்ததிலிருந்தே எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கொக்கி உள்ளதே வேண்டும் என்று எழுத்தில் அனுப்பிவிட்டேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

கரூர் கூட்ட நெரிசல். விடிய விடிய டிவி. வண்டி எடுக்கவில்லை.

30 செப்டம்பர்

அரையாண்டு முடிப்பு. வீடு திரும்ப இரவு மணி பதினொன்று.

1 அக்டோபர், ஆயுத பூஜை

பழைய வண்டிக்குச் சந்தனம், குங்குமம். அட்டைப் பெட்டியோடு பெடல் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். ஷூவைப் பெடலில் பூட்டும் தகடு மஞ்சள் கிளீட். ஆறு டிகிரி ஆடும், முட்டிக்கு நல்லது. அம்மா பெடல் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

4 அக்டோபர், சனி

கிகாலியில் நடந்த பெண்கள் உலக சைக்கிள் போட்டியை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். ஏற்றத்துக்கு மேல் ஏற்றம். பெயர்பெற்றவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கனடாவின் மக்டலேன் வலியேர் முன்னால் போய் ஜெயித்தே விட்டார். யார் எதிர்பார்த்தார்கள்! கடைசி ஏற்றத்தில் அவர் என்ன கியரில் இருந்தார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தெரியவில்லை.

கிராங்க் வந்துவிட்டதாம். 165.

7 அக்டோபர், செவ்வாய்

டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. காக்கிநாடா.

8 அக்டோபர்

கடையிலிருந்து கேசட் கேட்டார்கள். 36 என்றேன்.

"அங்க மலையே இல்லையே" என்றார் இவர். பதில் சொல்லவில்லை. லீவுக்கு வருவேனா மாட்டேனா?

9 அக்டோபர்

வீடு பார்ப்பது பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. பாப்பா பத்தாவது. அவளை மாற்ற முடியாது. எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

காக்கிநாடாவில் காற்று எந்தத் திசையில் எப்போது அடிக்கும் என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 40 மி.மீ. ரிம் பரவாயில்லை. 50 வாங்காதது நல்லது, பக்கக்காற்றில் பிடித்து ஆட்டியிருக்கும்.

11 அக்டோபர், சனி

வந்துவிட்டது!! பெட்டியைப் பிரித்ததும் அண்ணன் முதலில் கவிழ்த்து பி.பி.யைப் பார்த்தார். மரை. தலையசைத்தார். அப்புறம்தான் வண்டியையே பார்த்தார்.

பெடல் இல்லாமல் 8.3. ஹேண்டிலை முழுசாகத் திருப்பிப் பார்த்தேன். ஷூ முனை டயரை உரசவில்லை. ஒரு விரல் இடைவெளி. மாலையில் கன்னங்குறிச்சி வரை ஒரு சின்னச் சுற்று. ஒன்றும் எழுத வரவில்லை, சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

12 அக்டோபர், ஞாயிறு

அடிவாரம் வரை போய்த் திரும்பினேன். மேலே ஏறவில்லை. சீட் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. நேற்று டேப்பால் அடையாளம் வைத்ததால் தெரிந்தது. 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கக்கூடாது என்று சீட் கிளாம்பிலேயே எழுதியிருக்கிறது. கார்பன் பேஸ்ட் தடவாமல் பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். போஸ்டைத் துடைத்துப் பார்த்தால் வழுவழுவென்று கிரீஸ்! கார்பனுக்குக் கிரீஸ் போட்ட கை எந்தக் கையோ.

இரவு முழுக்க பேக்கிங் பட்டியல். ஸ்டவ், இரண்டு தட்டு, சர்வீஸ் ரெக்கார்டு, டார்க் ரென்ச்.

13 அக்டோபர்

உப்புக் காற்று. வியர்வையை விட மோசம். குழாய் உள்ளே போகாத ஹெட்செட் வாங்கியதால் மேல் பேரிங்கை நானே பத்து நிமிடத்தில் மாற்றலாம், அது சரி. ஆனால் கீழ் பேரிங்? முன்சக்கரம் தெறிக்கும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகும். இரண்டு செட் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டெயின்லெஸ் கிடைக்குமா என்று அண்ணனிடம் கேட்டால், அளவு எழுதிக் கொண்டுவரச் சொல்கிறார். வளையத்தில் பொறித்த எண் கிரீஸுக்கு அடியில் இருக்கிறது. ரயில் பார்சலில் கார்பன் ஃபிரேமை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இவர் காரில் கொண்டுவிடுகிறாராம். வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால். பின் சீட்டை மடித்தால் முன்சக்கரம் கழற்றி உள்ளே போகும் என்கிறார். அப்போது கியர் மாற்றும் டிரெய்லியர் மேல் பக்கம் இருக்க வேண்டும், அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்தால் அந்த ஊரில் யார் நிமிர்த்துவார்கள்?