இல்லத்தரசியின் மாத வருமானம் எவ்வளவு?

சாலை விபத்தில் இல்லத்தரசி ஒருவர் இறந்துபோனால், அவர் செய்துவந்த வீட்டு வேலைக்கு மாத வருமானம் இவ்வளவு என்று தீர்ப்பாயம் ஒரு தொகையை நிர்ணயிக்கும். இழப்பீடு முழுவதும் அந்தத் தொகையை வைத்துத்தான் ஏறும், இறங்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் 1994 முதல் இருந்த விதி இது: சம்பாதிக்காத மனைவிக்குக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. 2018-இல் அட்டவணையே மாறிவிட்டது. ஆனாலும் அந்த விகிதத்தை இன்றைய கணக்கு முறையில் போட்டுப் பார்த்தால்தான் அதன் அநியாயம் புரியும்.

35 வயதுப் பெண். கணவர், இரண்டு பிள்ளைகள். கணவர் 15,000 ரூபாய் வாங்கும் லோடுமேன் என்றால் மனைவிக்கு 5,000. எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 7,000. சார்ந்திருப்பவர்கள் மூவர் என்பதால், இறந்தவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒன்று கழியும். மீதி ஆண்டுக்கு 56,000. ஆண்டுத் தொகையை எத்தனை மடங்காக்குவது என்பதை வயதை வைத்துச் சொல்லும் பெருக்கு எண், 35 வயதுக்கு 16. ஆக 8,96,000 ரூபாய். கணவர் 60,000 வாங்கும் வங்கி ஊழியர் என்றால் இதே கணக்கில் 35,84,000. லோடுமேன் மனைவி குழாயடியில் தண்ணீர் பிடித்து, துணியைக் கையால் துவைத்தவராக இருப்பார். வேலை அதிகம், மதிப்பு கால்வாசி!

2010-இல் உச்ச நீதிமன்றம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து உழைக்காதவர்களாக வைத்ததைக் கண்டித்தது. 2021 ஜனவரித் தீர்ப்பில் நீதிபதி என்.வி. ரமணா நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டினார்: வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். எதிர்கால உயர்வு இல்லத்தரசிக்கும் உண்டு என்பதை உறுதிசெய்ததும் அந்தத் தீர்ப்புதான். தினக்கூலியின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இல்லத்தரசியின் வருமானத்தைக் கணக்கிடக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது.

காரியம் கெடுவது பெரும்பாலும் குடும்பம் தாக்கல் செய்யும் இழப்பீட்டு மனுவில்தான். தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதி, வருமானத்தை வெறுமனே விட்டுவிட்டால், இன்சூரன்ஸ் தரப்புக்கு அதுவே போதும். "இல்லத்தரசி" என்று எழுதி, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத ஒரு தொகையைக் குறிப்பிடுங்கள். சாட்சி வாக்குமூலத்தில் வேலைகளை விவரமாகச் சொல்லுங்கள்: எத்தனை பேருக்குச் சமைத்தார், படுக்கையில் கிடந்த மாமியாரை யார் பார்த்துக்கொண்டது, மாடு எத்தனை. அவர் போன பிறகு சமையலுக்கோ குழந்தையைப் பார்க்கவோ ஆள் வைத்திருந்தால் அந்தச் சம்பளக் கணக்கையும் தாக்கல் செய்யுங்கள். தையல், பூக்கட்டு என்று கைக்காசு வந்திருந்தால் அதை வீட்டு வேலையோடு கலக்காமல் தனி வருமானமாகக் கேட்க வேண்டும்.