குரேரோவின் தடை 6 மாதத்திலிருந்து 14 மாதமானது எப்படி?

பெருவின் அன்றைய கால்பந்து கேப்டன் பவுலோ குரேரோவின் ஊக்கமருந்து வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோக்கா தேநீரோடு நின்றுவிடுகிறார்கள். ஊக்கமருந்து மேல்முறையீடு உள்ளுக்குள் எப்படி ஓடுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழக்கு கால்பந்தில் அரிது.

2017 அக்டோபர் 5, புவெனஸ் அயர்ஸ். அர்ஜென்டினாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் 0-0. ஆட்டம் முடிந்து எடுத்த சிறுநீரில் பென்சாயில்எக்கோனின் இருந்தது. கோகெயின் உடலுக்குள் சிதையும்போது உண்டாகும் பொருள் இது. கோகெயின் எடுக்கப்படுவதே கோக்கா இலையிலிருந்துதான், அதனால் கோக்கா இலைத் தேநீர் குடித்தாலும் இதேதான் வரும். சோதனை பொருளைக் காட்டுமே தவிர, அது வந்த வழியைக் காட்டாது. எப்படி உள்ளே போனது என்று நிரூபிப்பது வீரரின் பாடு. கிரிமினல் வழக்கு அளவுக்கு ஆதாரம் வேண்டாம். நடக்காமல் இருந்திருப்பதைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். குடித்த தேநீரில் கோக்கா கலந்திருந்தது என்பது குரேரோ தரப்பின் வாதம். அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதைக் கடைசியில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயமே ஏற்றுக்கொண்டது.

பிறகு ஏன் தடை? கணக்குதான் காரணம். அன்றைய விதிப்படி, உள்நோக்கம் இல்லாவிட்டால் அடிப்படைத் தண்டனை 2 ஆண்டு. துளியும் தவறில்லை என்று நிரூபித்தால் தடையே கிடையாது. தவறு உண்டு, ஆனால் பெரிதில்லை என்றால் அதிகபட்சம் பாதி குறையும். அதாவது 1 ஆண்டுக்குக் கீழே இறங்க முடியாது.

இப்போது தீர்ப்புகளை வரிசையாகப் பாருங்கள். நவம்பர் 3 முதல் தற்காலிகத் தடை. டிசம்பரில் ஃபிஃபா ஒழுங்குக் குழு 1 ஆண்டு என்றது. அதே மாதம் 20ஆம் தேதி ஃபிஃபா மேல்முறையீட்டுக் குழு அதை 6 மாதமாக்கியது. கேட்க இனிமையான எண்தான், ஆனால் அடித்தளம் இல்லாதது. குரேரோ முழு விடுதலை கேட்டு சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவும் தடையைக் கூட்டச் சொல்லித் தனியாக மேல்முறையீடு செய்தது.

"பேசாமல் 6 மாதத்தை ஏற்றிருந்தால் தப்பியிருப்பார்" என்பார்கள். தவறு. வாடாவின் மேல்முறையீட்டு உரிமை வீரரின் மனுவைச் சார்ந்ததல்ல. அவர் சும்மா இருந்திருந்தாலும் வழக்கு லோசானுக்குப் போயிருக்கும், அவர் அங்கே எதிர்வாதியாக நின்றிருப்பார்.

அங்கே மூன்று நடுவர்கள். 2018 மே 3, அதாவது 6 மாதம் முடிந்த அதே நாளில், விசாரணை நடந்தது. மே 14 அன்று தீர்ப்பு வந்தது. தவறு பெரிதல்ல, ஆனால் தவிர்த்திருக்கலாம். எனவே 1 முதல் 2 ஆண்டுக்குள்தான் தண்டனை, 14 மாதம். கழிந்த 6 போக மீதி 8. பெரு 36 ஆண்டுகளுக்குப் பிறகு ஆடவிருந்த உலகக் கோப்பைக்கு ஒரு மாதமே இருந்தது. அதே பிரிவில் இருந்த பிரான்ஸ், டென்மார்க், ஆஸ்திரேலியா கேப்டன்கள் அவருக்காகக் கடிதம் எழுதினார்கள். மனதைத் தொடும் செயல். சட்டத்தில் அதற்கு எடை இல்லை.

எடை இருந்தது சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்துக்குத்தான். அது வழக்கை முதலிலிருந்து அலசாது. நடுவர் குழு அமைந்த விதம், அதிகார வரம்பு, வாதத்தைக் கேட்டார்களா என்பது போன்ற சில காரணங்களை மட்டுமே பார்க்கும். ஆகவே அங்கே ஜெயிப்பது அபூர்வம். தீர்ப்பை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்பதுதான் உடனடிப் பயன். மே 31 அன்று அது கிடைத்தது. குரேரோ ரஷ்யா போனார், சோச்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கோலும் அடித்தார். ஆகஸ்டில் நிறுத்திவைப்பு விலக்கப்பட்டதும் மிச்சத் தடை மறுபடி ஓடத் தொடங்கியது. நிறுத்திவைப்பு தடையைக் குறைக்காது, தள்ளிப்போடும் அவ்வளவே. 2019 மார்ச்சில் மனுவும் தள்ளுபடியானது. ஏப்ரலில்தான் மீண்டும் களம்.

2021இல் விதி மாறியது. கோகெயின் போன்றவற்றைப் போட்டிக் காலத்துக்கு வெளியே, ஆட்டத்துக்குத் தொடர்பில்லாமல் எடுத்ததாக நிரூபித்தால் இப்போது 3 மாதம். அந்தக் கணக்கு அன்றே இருந்து, அவரும் அதை நிரூபித்திருந்தால், 2018 பிப்ரவரி தொடக்கத்தில் தடை முடிந்திருக்கும். நாட்டுக்காக அவர் தவறவிட்டிருப்பது நியூசிலாந்துக்கு எதிரான இரண்டு பிளேஆஃப் ஆட்டங்களை மட்டும்தான்.