எத்தினை வருசம் எண்டு கேட்டன்

எனக்கு ஒரு நரம்பு வருத்தம், அது முதல்ல வந்தது கண்ணில. வலக்கண்ணை உருட்டினா நோகும், ரெண்டு மூண்டு நாளில நடுவில மங்கிப்போச்சு, அம்மான்ர சிவப்புச் சீலை அந்தக் கண்ணால பாத்தா வெளிறித் தெரியும். ஒரு இடத்தில கண்ணாடி மாத்தச் சொல்லிச்சினம், மாத்தினன், காசு போனதுதான் மிச்சம். கொஞ்சக் கிழமையில தானாவே சரிவந்திட்டுது, நானும் மறந்திட்டன்.

அடுத்த வருசம் இடுப்புக்குக் கீழ விறைப்பு. ஒரு கால் செருப்பு கழண்டதே தெரியாமல் சந்தையால வீட்ட வந்திருக்கிறன். அம்மாதான் கண்டிட்டு "எங்கயடி பிள்ளை மற்றச் செருப்பு?" எண்டவ.

பேந்து நியூரோலஜி (நரம்பு) கிளினிக், எம்ஆர்ஐ, முள்ளந்தண்டில ஊசி குத்தித் தண்ணி எடுத்தது (எடுத்தாப் பிறகு ரெண்டு நாள் தலையிடி, படுத்தா இல்லை, எழும்பினா மண்டை பிளக்கும்). மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் எண்டிச்சினம். உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியே நரம்பைச் சுத்தியிருக்கிற மயலின் உறையை அரிக்கிற வருத்தமாம். எனக்கு அப்ப 31. நான் கேட்ட முதல் கேள்வி, எத்தினை வருசம் இருப்பன் டொக்டர்?

அவர் மழுப்பேல்ல. சராசரியா ஒரு 7 வருசம் குறையுமெண்டு ஆய்வு இருக்கு, ஆனா அதில மருந்தே இல்லாத காலத்து ஆக்களும் சேர்த்தி, இந்த வருத்தத்துக்கெண்டு முதல் இன்டர்பெரோன் ஊசியே 1993லதான் அமெரிக்காவில அனுமதிச்சது, இப்ப வருத்தம் பிடிக்கிறாக்களுக்கு நிலமை வேற எண்டார். வீட்ட வந்து சொல்ல அப்பா விரல்விட்டு எண்ணிப்போட்டு "80 எண்டா 73, எனக்கு இப்பவே 70, பயப்பிடாத" எண்டார். அண்டைக்குத்தான் அழுதன்.

உண்மையில வருசக்கணக்கில்லை பிரச்சினை, நாள்தான். களைப்பு எண்டா நித்திரை கொண்டு தீருற களைப்பில்லை, தலை இழுக்கவே கை ஏலாது, வாற சனம் "பாக்க நல்லாத்தானே இருக்கிறாய்" எண்டுங்கள். அதோட எங்கட வெயில். நல்லூர்த் தேரண்டு வீதியில நிண்ட இடத்தில கண் திரும்ப மங்கிச்சுது, செத்தன் எண்டு நினைச்சன், தண்ணீர்ப் பந்தலில ஒதுங்கி முகம் கழுவி ஆறியிருக்கத் தெளிஞ்சுது. உடம்பு சூடேறினா பழைய குறி தலைகாட்டுமாம், அது வருத்தம் திரும்பத் தாக்கிற புது அட்டாக் இல்லை. புதுசா வந்தது 24 மணித்தியாலம் தாண்டியும் நிண்டா, காய்ச்சலும் இல்லையெண்டா, உடன கிளினிக். எனக்கு ஒருக்கா அப்பிடி வந்து ஸ்டிரொயிட் ஏத்தினவை, ஒரு நாளைக்கு 1 கிராம், மூண்டு நாள். நித்திரை இல்லை, பசியோ பசி, இரவு ரெண்டு மணிக்குப் புட்டுச் சாப்பிட்டனான்.

இந்த வருத்தத்தில ஒருத்தரும் கதைக்காத விசயம் மூத்திரம். வந்தா வந்ததுதான், அடக்கேலாது. கொழும்புக்கு இரவு பஸ் எண்டா மத்தியானத்தில இருந்தே தண்ணி குடிக்காமல் போவன், அப்பிடிப் போய்ப்போய் கிருமி பிடிச்சுக் காய்ச்சலாக்கி டொக்டரிட்டை நல்லா வாங்கிக் கட்டினன். இப்ப ரயில்தான். ரொயிலற்றுக்குக் கிட்ட உள்ள சீற்றாப் பாத்து ரிக்கற் எடுக்கிறது, நாத்தம்தான், பரவாயில்லை, போத்தில் நிறையத் தண்ணி கொண்டு போறன்.