இதழுக்கு ஓர் எழுத்து

எங்கள் வீட்டுக் கூடத்தில் எள்ளுத்தாத்தாவின் படம் ஒன்று உண்டு. தலைப்பாகை, நீளக் கோட்டு, இடது மார்பில் ஒரு பதக்கம். "வெள்ளைக்காரன் குடுத்த சர் பட்டம்டா அது" என்று பெரியப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தேன். பதக்கம் வீட்டில் இல்லை. போன வருடம் படத்தின் ஓரம் செல்லரித்திருப்பதைப் பார்த்ததும், அது என்ன பட்டம் என்று கண்டுபிடிக்க உட்கார்ந்துவிட்டேன்.

பழம்பொருள் வியாபாரி ஒருவர் பார்த்தவுடனே 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்றார். அதை நம்பியதில் இரண்டு மாதம் வீண். அது 1861-ல் விக்டோரியா தொடங்கிய பட்டம். அதன் பதக்கத்தில், மேலே ஐந்து முனை நட்சத்திரமும் கீழே முட்டை வடிவக் கல்லில் செதுக்கிய ராணியின் முகமும் இருக்கும். எங்கள் படத்தில் இருந்ததோ கிரீடமும் அதன் கீழே ஒரு கறுப்புப் பூவும்.

கறுப்புப் பூ என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுப் படங்களில் சிவப்பு கறுப்பாக விழும் என்று படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சிவப்பு ரோஜா என்றால் அது 'இந்தியன் எம்பயர்' பட்டம். விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டு சரியாக ஓராண்டு கழித்து, 1878 ஜனவரி 1-ல் தொடங்கியது. எனாமல் ரோஜாவின் நடுவில் ராணியின் முகம், அதைச் சுற்றி 'பேரரசியின் ஆதரவில்' என்று பொருள்படும் லத்தீன் வாசகம்.

படத்தைச் சட்டத்திலிருந்து மெதுவாக எடுத்து (கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள்) 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தேன். இதழ்களில் ஏதோ கீறல்கள். பெரிதாக்கிப் பார்த்தால் 'என்', பக்கத்து இதழில் 'டி'. ஆரம்பகாலப் பதக்கங்களில் 'இந்தியா' என்ற ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்துகளையும் இதழுக்கு ஒன்றாகப் பொறித்திருக்கிறார்கள். பின்னாளில் பதக்கத்தைச் சிறிதாக்கியபோது எடுத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு எழுத்துகள்தான் வழக்கை முடித்தன. தொடக்கத்தில் இந்தப் பட்டத்தில் 'கம்பேனியன்' என்ற ஒரே நிலைதான், அதாவது சி.ஐ.இ. பெயருக்கு முன்னால் 'சர்' போட உரிமை தரும் நிலை 1886-ல் வந்தது. அதற்கும் மேலானது 1887-ல். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர் சி.ஐ.இ. பெற்றது 1878-ல். அவரே 'சர்' ஆனது 1893-ல்தான்.

மிச்சம் லண்டன் கெஜட், பட்டம் பெற்றவர்களின் பெயர்கள் வெளிவந்த பிரிட்டிஷ் அரசிதழ். இணையத்தில் இலவசமாகத் தேடலாம், ஆனால் நம் பெயரைப் போட்டால் கிடைக்காது. ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார். பட்டத்தின் பெயரைப் போட்டு, புத்தாண்டையும் ராணியின் பிறந்தநாளான மே 24-ஐயும் ஒட்டிய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பதினோராவது நாள் கிடைத்தார். இனிஷியல் தப்பு, பெயரில் ஓர் எழுத்து கூடுதல், ஆனால் உத்தியோகமும் ஊரும் அவருடையவை.

1948 புத்தாண்டுக்குப் பிறகு அந்தப் பட்டத்தை யாருக்கும் தரவில்லை. அதை வைத்திருந்தவர்களில் கடைசியாக இருந்த, குஜராத்தின் திராங்கத்ரா மகாராஜா 2010-ல் காலமானார்.

பெரியப்பாவிடம் 'சர் இல்லை' என்று சொல்லத் தயங்கினேன். அச்செடுத்த பக்கத்தைக் கண்ணருகே வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு படத்தின் பின்னட்டையைத் திருப்பி, அவர் எப்போதோ எழுதியிருந்த 'சர்' என்பதை அடித்துவிட்டு, பெயருக்குப் பின்னால் 'சி.ஐ.இ.' என்று சேர்த்தார்.