ஜெர்மனியில் முதுகலை: படிப்புக்குப் பணம் சேர்ந்த கதை

ஜெர்மனியில் படிக்கக் கட்டணமே இல்லை என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, அது உண்மை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. கட்டணம் இல்லாத இடத்திலும் சாப்பாடு, வாடகை, காப்பீடு எல்லாம் நம் பொறுப்பு. வீசா வாங்கும் முன்பே ஒரு வருடச் செலவுக்கான 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். நான் பணம் தேடியது முழுக்க இந்த 992-ஐச் சுற்றித்தான்.

நீர்வளத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே தேட ஆரம்பித்தேன். 'முழு உதவித்தொகை நூறு' என்ற வகை வீடியோக்களால் பெரிய பயன் இல்லை. தொகையை முதலில் சொல்வார்கள், தகுதியைக் கடைசியில் சொல்வார்கள், சில நேரம் சொல்லவே மாட்டார்கள். உருப்படியாகக் கிடைத்தது, டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் இருக்கும் ஸ்காலர்ஷிப் தேடல் வசதிதான். நாடு, பாடம், படிப்பு நிலை என்று ஒவ்வொன்றாகத் தேர்வு செய்யச் செய்ய, நீளமான பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். முதலில் மனம் தளரும். அப்புறம் அதுவே நிம்மதியாகிவிடும், படிக்க வேண்டியது கொஞ்சம்தான் என்று.

என் நிலைமைக்குப் பொருந்தியவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று டிஏஏடி-யின் எபோஸ் என்ற உதவித்தொகைத் திட்டம். வளரும் நாடுகளிலிருந்து வரும், வேலை அனுபவம் உள்ளவர்களுக்கானது. பொதுவாக இரண்டு வருட அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. முதுகலை மாணவர்களுக்கு மாதம் 992 யூரோ, அதற்கு மேல் காப்பீடும் பயணப்படியும். எல்லாப் படிப்புக்கும் இது கிடைக்காது. பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே, அதுவும் அந்தந்தப் படிப்பு அலுவலகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். பல படிப்புகளுக்குக் கடைசித் தேதி, வகுப்பு தொடங்க ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும்போதே முடிந்துவிடும். இன்னொன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கும் கூட்டு முதுகலை, மாதம் 1,400 யூரோ. இதற்கு விண்ணப்பக் காலம் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை.

இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், எபோஸ் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டார். தேர்வுக் குழுவில் அவருக்கு ஆள் இல்லை, இருக்கவும் முடியாது. படிவம் நிரப்ப எனக்கே தெரியும் என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் மோட்டிவேஷன் லெட்டர்தான் அதிக நேரத்தை விழுங்கியது. முதல் வரைவை அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த பொறியாளரிடம் காட்டினேன். 'நீர் என்பது உயிரின் ஆதாரம்' என்று தொடங்கிய முதல் பத்தியைப் பென்சிலால் அடித்துவிட்டு, 'இது அவங்களுக்குத் தெரியாதா? போன மாசம் மீட்டர் கணக்குல நீ மாட்டிக்கிட்டு முழிச்சியே, அதை எழுது' என்றார். அதை எழுதினேன். குழாய்களில் பொருத்திய மீட்டர்களிலிருந்து அளவுகள் தினமும் வந்து குவிகின்றன. ஆனால் எங்கே எவ்வளவு கசிகிறது என்று அவற்றிலிருந்து கணக்கிட எங்கள் பிரிவில் யாருக்கும் பயிற்சி இல்லை. இந்தப் படிப்பின் எந்தப் பாடம் அந்தக் கணக்கைச் சொல்லித் தரும், திரும்பி வந்தால் எந்த வேலையில் அதைப் பயன்படுத்துவேன் என்று அடுத்தடுத்து எழுத, கடிதம் தானாக நிமிர்ந்தது. யூரோபாஸ் என்ற ஐரோப்பியப் பொது வடிவத்தில் கையெழுத்திட்ட சுயவிவரம், பரிந்துரைக் கடிதங்கள் என்று மற்ற காகிதங்கள் வழக்கமானவைதான்.

மதிப்பெண் மாற்றம் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சி எல்லை. நம் மதிப்பெண்ணைப் பவேரியன் சூத்திரம் என்ற கணக்கில் மாற்றுவார்கள்: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 10-க்கு 8.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி எல்லை 5 என்றால் 1.9 வரும். அதே 8.5-க்குத் தேர்ச்சி எல்லை 4 என்றால் 1.75. மதிப்பெண் ஒன்றுதான், தேர்ச்சி எல்லை மாறியதும் வரிசையில் இடம் மாறிவிடுகிறது. அதனால் என் கல்லூரியில் தேர்ச்சி எல்லை என்ன என்று எழுத்தில் வாங்கி இணைத்தேன்.

எபோஸில் இடம் கிடைக்கவில்லை. எராஸ்மஸ் முண்டஸில் படிப்புக்கு இடம் உண்டு, உதவித்தொகை இல்லை என்று பதில் வந்தது. சொந்தச் செலவில் வருகிறீர்களா என்று கேட்டார்கள், கணக்குப் பார்த்து விட்டுவிட்டேன். ஆனால் தனியாக விண்ணப்பித்திருந்த, கட்டணம் இல்லாத ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் இடம் வந்தது. கையில் இருந்த சேமிப்பும் கொஞ்சம் கடனுமாக பிளாக்டு அக்கவுண்டை நிரப்பிக் கிளம்பினேன்.

உள்ளே போன பிறகுதான் இன்னொரு உலகம் தெரிந்தது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களுக்கு என்றே திறக்கும் உதவிகள் நிறைய இருக்கின்றன. வெளியிலிருந்து தேடும்போது அவை நம் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை.

டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியம் அப்படி ஒன்று. 2011 முதல் நடக்கிறது. மாதம் 300 யூரோ, அதில் பாதியை மத்திய அரசும் பாதியை நிறுவனங்கள், அறக்கட்டளைகள், தனிநபர்கள் போன்ற நன்கொடையாளர்களும் தருகிறார்கள். எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை, குடும்ப வருமானமும் பார்ப்பதில்லை. மதிப்பெண்ணோடு சமூகப் பணி, கடந்து வந்த தடைகள் ஆகியவையும் கணக்கில் வரும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாக விண்ணப்பம் கேட்கும், அந்தத் தேதியை அவர்களுடைய பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். முதல் வருட மதிப்பெண்களோடு, புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் குழுவில் வேலை செய்த சான்றிதழையும் இணைத்தேன். கிடைத்தது. தகுதி அடிப்படையில் வேறு உதவித்தொகை மாதம் 30 யூரோவுக்கு மேல் வாங்கினால் இது கிடையாது. வேலை செய்து சம்பாதிக்கத் தடை இல்லை.

அந்த வேலையும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்தது. மாணவர் உதவியாளர் வேலையை எல்லோரும் ஹிவி என்றுதான் சொல்வார்கள். ஒரு ஆய்வக வகுப்பு முடிந்ததும், பாடம் நடத்திய ஆராய்ச்சி மாணவரிடம் சென்சார் தரவில் இருந்த இடைவெளிகளைப் பற்றிக் கேட்டேன். மீட்டர் கணக்கில் பட்ட அவதியால் வந்த கேள்வி அது. பேச்சு நீண்டு, 'பைத்தான் புரோகிராமிங் தெரியுமா' என்ற இடத்துக்கு வந்தது. அடுத்த மாதம் ஒப்பந்தம் கையில் இருந்தது. வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பு உண்டு. ஹிவி வேலை அந்தக் கணக்கில் வராது. உணவகத்தில் தட்டுக் கழுவுவதை விட இது எனக்குப் பல மடங்கு மேலாகத் தெரிந்தது, ஆய்வறிக்கைக்கான தலைப்பும் அங்கேயே கிடைத்ததால்.

கட்சிகளோடு தொடர்புடைய அறக்கட்டளைகளும் உதவித்தொகை தருகின்றன: ஃப்ரீட்ரிஷ் ஏபர்ட், கொன்ராட் ஆடனவர், ஹைன்ரிஷ் ப்யோல் என்று. இவற்றுக்கு ஜெர்மன் மொழி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், என் ஜெர்மன் அந்த அளவுக்கு இல்லை. மொழி தெரிந்தவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான் என்பேன்.

கடைசி செமஸ்டரில் ஹிவி ஒப்பந்தம் முடிந்தபோது, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் படிப்பு முடிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். படிப்பை முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்காக டிஏஏடி நிதியிலிருந்து பல்கலைக்கழகங்கள் தருவது அது. பேராசிரியர் இரண்டு வரியில், ஆய்வறிக்கை குறித்த நேரத்தில் முடியும் என்று எழுதித் தந்தார். அதற்குள் ஜெர்மனியில் தங்கும் அனுமதியை நீட்டிக்கும் நாளும் வந்துவிட்டது. வங்கியில் மீதியிருந்த தொகையையும் உதவித்தொகைக் கடிதங்களையும் சேர்த்து வைத்தேன். குடியேற்ற அலுவலர் ஒவ்வொரு தொகையையும் காகித ஓரத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, புகைப்படம் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்.